அப்பாவுக்குப் புராஸ்டேட்: லேசரா, பழைய முறையா?

திற்பரப்புக்காரன் (ஜனவரி 11)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. ரப்பர் தோட்டம், கூடவே கொஞ்சம் ஏத்தன் வாழை. இரண்டு மூன்று வருடமாகவே ராத்திரி நாலைந்து தடவை எழுந்து போவார். கேட்டால் 'வயசானா அப்படித்தான் லே, உனக்கும் வரும்' என்று வாயை அடைத்துவிடுவார். விடியுமுன் பால் வெட்டப் போகிற இடத்தில் பத்து மரத்துக்கு ஒருதரம் ஓரமாக ஒதுங்குகிறார், ஒதுங்கினாலும் ரொம்ப நேரம் நிற்கிறார் என்று கூட வெட்டுகிற அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

போன மாதம் கருங்கலில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். ஜலதோஷம் என்று மெடிக்கலில் அவராகவே கேட்டு ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். அன்று ராத்திரி மூத்திரம் சுத்தமாக அடைத்துவிட்டது. அடிவயிறு கல் மாதிரி. இரண்டு மணிக்கு வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூப் போட்டதும் பையில் 900 மில்லி இறங்கியது. அவர் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஒரு வாரம் மூத்திரப் பாதையைத் தளர்த்துகிற டாம்சுலோசின் மாத்திரை கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்த்தார்கள். போகவில்லை. திரும்பவும் டியூப். இப்போது இடுப்பில் பையோடுதான் இருக்கிறார், தோட்டப் பக்கம் போவதில்லை, யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே போய்விடுகிறார்.

ஸ்கேனில் புராஸ்டேட் 92 கிராம். புராஸ்டேட்டில் புற்று இருக்குமோ என்று சந்தேகம் காட்டுகிற ரத்த டெஸ்ட், பி.எஸ்.ஏ, 9.1. சர்க்கரை பத்து வருடமாக இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தது, அதனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் ஓடுகிறது.

நாகர்கோவிலில் பார்த்த டாக்டர் டி.யூ.ஆர்.பி (மூத்திரப் பாதை வழியாகச் சீவி எடுக்கிற பழைய முறை) செய்யலாம், ஆனால் சைஸ் பெரிது, ரத்த மாத்திரையும் போகிறது, யோசித்துத்தான் செய்யணும் என்றார். இன்னொருவர் லேசர்தான் சரி என்கிறார். இதற்கு நடுவில் மார்த்தாண்டம் பாலத்துத் தூணில் ஒரு விளம்பரம், 'லேசரில் புராஸ்டேட், தழும்பில்லை, வலியில்லை, மறுநாள் வேலைக்குப் போகலாம்' என்று. அங்கே போய் 'எந்த லேசர்?' என்று கேட்டேன், ரிசப்ஷனில் இருந்த பையன் 'அட்வான்ஸ்டு லேசர் சார்' என்றான். அதற்கு மேல் அங்கே யாருக்கும் பதில் தெரியவில்லை.

லேசர் உண்மையிலேயே நல்லதா, இல்லை பில் போடுவதற்கு ஒரு பெயரா? செய்தவர்கள், வீட்டில் செய்துகொண்டவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

---

ஓய்வுவாத்தியார்_தக்கலை (ஜனவரி 11)

தம்பி, எனக்கு இப்போது 71. நான் செய்துகொண்டேன், 2022-இல், திருவனந்தபுரத்தில். ஹோலெப் என்று சொல்கிற ஹோல்மியம் லேசர். என்னுடையது 78 கிராம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது, தியேட்டரில் ரேடியோ ஓடியதுகூட எனக்குக் கேட்டது. வயிற்றில் கத்தி கிடையாது, எல்லாம் மூத்திரப் பாதை வழியாகத்தான். அந்த வகையில் டி.யூ.ஆர்.பி-யிலும் தழும்பு கிடையாது, ஆகவே அந்த விளம்பரக்காரன் தழும்பில்லை என்பதை லேசரின் பெருமையாகச் சொல்வது சும்மா. இரண்டாம் நாள் டியூபை எடுத்தார்கள். எடுத்துவிட்டு 'போய் வாருங்கள் சார்' என்றார்கள். போனேன். பதினைந்து வருடமாக மறந்துபோன ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான் சொல்வேன்.

இனி யாரும் விளம்பரத்தில் போடாத சங்கதி. முதல் ஒரு வாரம் மிளகாயை அரைத்து வைத்த மாதிரி எரிச்சல். அவசரம் வந்தால் கழிப்பறை போவதற்குள் கொஞ்சம் கசிந்துவிடும். இருமினால், தும்மினால், நாற்காலியில் இருந்து எழுந்தால் கசிவு. எனக்கு ஏழு வாரம் பேட் கட்ட வேண்டியிருந்தது. ஒரு வாத்தியார் கடைக்குப் போய்ப் பெரியவர்களுக்கான டயப்பர் கேட்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள், அதுவும் நான் பாடம் எடுத்த பையனே கல்லாவில் இருந்தான். மூன்று மாதத்தில் எல்லாம் நின்றது. டாக்டர் இதை முன்னாடியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை, சொல்லாமல் விட்டிருந்தால் ஆபரேஷன் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருப்பேன்.

அப்புறம் இன்னொன்று. வயது 67 தானே, அம்மாவும் இருக்கிறார்கள், ஆகவே சொல்கிறேன். இதற்குப் பிறகு உறவின்போது விந்து வெளியே வராது. பின்பக்கமாக மூத்திரப் பைக்குள் போய், அடுத்து ஒண்ணுக்குப் போகும்போது கலந்து போய்விடும். கெடுதல் இல்லை, விறைப்புக்கும் பொதுவாகக் குறைவில்லை. ஆனால் தெரியாமல் இருந்தால் ஆள் இடிந்துபோவார். டி.யூ.ஆர்.பி-யிலும் இதே கதைதான், லேசருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. உங்கள் அப்பாவிடம் இதை நீங்கள் சொல்ல முடியாது, டாக்டரையே சொல்லச் சொல்லுங்கள்.

மறுநாள் வேலைக்குப் போகலாம் என்பது சுத்தப் பொய். ஒரு மாதம் பைக் ஓட்டக் கூடாது, குடம் தூக்கக் கூடாது, மலம் முக்கிப் போகக் கூடாது என்று எனக்குத் தாள் எழுதியே கொடுத்தார்கள்.

---

குளச்சல்_அலை (ஜனவரி 12)

எங்கள் மாமாவுக்கு 15 வருடம் முன்பு டி.யூ.ஆர்.பி, அரசு ஆஸ்பத்திரியில், கைக்காசு ஒன்றும் பெரிதாகப் போகவில்லை. இன்றைக்கும் நன்றாகத்தான் போகிறார். லேசர் என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஆனால் மாமாவுடையது 40 கிராம் சொச்சம், ஸ்டென்ட் எல்லாம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

தியேட்டர்_சிஸ்டர் (ஜனவரி 12)

யூராலஜி தியேட்டரில் வருடக்கணக்காக நிற்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். நான் டாக்டர் இல்லை, கேஸ் பார்க்காமல் இதைச் செய், அதைச் செய்யாதே என்று சொல்லவும் மாட்டேன். ஆனால் 'லேசர்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேறு வேலை ஒளிந்திருக்கிறது, அதை மட்டும் டி.யூ.ஆர்.பி-யோடு சேர்த்து விளக்குகிறேன்.

நம் ஊர்க்காரருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், புராஸ்டேட்டைத் தேங்காய் மூடியாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே சிரட்டை, உள்ளே பருப்பு. வளர்ந்து பாதையை அடைப்பது உள்ளே இருக்கிற பருப்பு. டி.யூ.ஆர்.பி என்பது துருவியில் தேங்காய் துருவுவது மாதிரி, மின்சாரக் கம்பி வளையத்தால் சீவிச் சீவி எடுப்பார்கள். சின்ன மூடி என்றால் சீக்கிரம் முடியும். பெரிய மூடியைத் துருவ நேரமாகும், நேரமாக ஆக ரத்தமும் போகும், ஓரத்தில் கொஞ்சம் பருப்பு மிச்சமும் நிற்கும். அது பின்னால் வளர்ந்து மறுபடி வருபவர்கள் உண்டு. வழக்கமாக 80 கிராமுக்கு மேலே போனால் டாக்டர்கள் யோசிப்பது இதனால்தான்.

ஹோலெப் என்பது கொப்பரைக்குச் செய்வது போல, பருப்பைச் சிரட்டையிலிருந்து முழுசாக நெம்பிக் கழற்றுவது. கழற்றியதை மூத்திரப் பைக்குள் தள்ளி, மார்சலேட்டர் என்ற கருவியால் நறுக்கி உறிஞ்சி எடுப்பார்கள். 92 கிராமாக இருந்தாலும் 150 கிராமாக இருந்தாலும் செய்யலாம். முன்பெல்லாம் இந்த சைஸுக்கு வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள். நியூசிலாந்தில் 1990-களில் தொடங்கிய முறை இது. இப்போது தூலியம் லேசர் வைத்தும் இதே மாதிரி கழற்றுகிறார்கள், கையில் இருக்கும் கருவிதான் வேறே, வேலை ஒன்றுதான்.

லேசரில் இன்னொரு வேலை, பச்சை லேசர். 532 நானோமீட்டர், பச்சை நிற ஒளி. ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும், அதனால் திசு ஆவியாகப் போகும்போதே ரத்தக் குழாயும் மூடிக்கொள்ளும். ரத்த மாத்திரை நிறுத்தவே முடியாதவர்களுக்கு இது உதவும். ஆனால் ஆவியாகப் போனதைப் பயாப்சிக்கு அனுப்ப முடியாது. கழற்றி எடுத்தாலும் சீவி எடுத்தாலும் சதை கையில் கிடைக்கும், அதில் புற்று ஒளிந்திருந்தால் தெரிந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு பி.எஸ்.ஏ 9.1 என்கிறீர்கள், ஆகவே இது சின்ன விஷயம் இல்லை.

அந்த 9.1-ஐப் பார்த்து இப்போதே பதறவும் வேண்டாம். மூத்திரம் அடைத்தாலும், டியூப் போட்டாலும், கிருமி இருந்தாலும் பி.எஸ்.ஏ ஏறும். ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள். அப்பாவுக்குப் புராஸ்டேட்டைச் சுருக்குகிற டூட்டாஸ்டிரைட் மாத்திரை ஆரம்பித்திருந்தால் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அந்த மாத்திரை மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ-யை ஏறக்குறைய பாதியாகக் காட்டும்.

ரிசப்ஷன் பையனை விட்டுவிடுங்கள், டாக்டரிடமே நேராகக் கேளுங்கள். கழற்றுகிறீர்களா, ஆவியாக்குகிறீர்களா? மார்சலேட்டர் உங்கள் தியேட்டரிலேயே இருக்கிறதா? இதைக் கேட்கச் சொல்லக் காரணம் உண்டு. ஹோல்மியம் லேசர் கிட்னிக் கல் உடைப்பதற்காகவே பல இடத்தில் இருக்கிறது, 'எங்களிடம் லேசர் இருக்கிறது' என்று சொன்னால் அது கல் உடைக்கிற சின்ன மிஷினாகவும் இருக்கலாம். இதுவரை எத்தனை ஹோலெப் செய்திருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். ஹோலெப் கைக்கு வர நாளாகும், பழகாத கையில் அதைவிட நல்ல டி.யூ.ஆர்.பி எவ்வளவோ மேல். இப்படிக் கேட்டால் கோபப்படுகிற டாக்டரிடம் ஆபரேஷன் செய்ய வேண்டாம் என்பது என் சொந்தக் கருத்து.

குளோபிடோகிரெலை நீங்களாக நிறுத்தவே கூடாது. இதய டாக்டர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்து இரண்டு வருடம் ஆகிவிட்டதால் சில நாள் நிறுத்தி, ஆஸ்பிரினை மட்டும் ஓட விடலாம் என்று சொல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, ஜலதோஷ மாத்திரை. மூக்கடைப்பைத் திறக்கிற மருந்து மூத்திரப் பையின் வாயை இறுக்கும், கூட இருக்கிற அலர்ஜி மருந்து பையைச் சோம்பலாக்கும். புராஸ்டேட் உள்ளவர் அதைப் போட்டுவிட்டு ராத்திரி வந்து நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இனி மெடிக்கலில் புராஸ்டேட் இருக்கிறது என்று சொல்லித்தான் எந்த மாத்திரையும் வாங்க வேண்டும்.

---

திற்பரப்புக்காரன் (ஜனவரி 12)

அண்ணாச்சி, சிஸ்டர், ரொம்ப நன்றி. சிரட்டைக் கணக்கை அப்பாவிடம் சொன்னேன், 'அப்போ சிரட்டை உள்ளேயே கிடக்குமா?' என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரிடம் வாத்தியார் அண்ணாச்சி சொன்ன மற்ற விஷயத்தைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

---

தியேட்டர்_சிஸ்டர் (ஜனவரி 12)

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். சிரட்டை உள்ளேயேதான் இருக்கும். அதனால் ஆபரேஷன் முடிந்தாலும் பி.எஸ்.ஏ பார்ப்பதை விடக் கூடாது, புற்று பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் வரும். வீக்கம் வேறே, புற்று வேறே, ஒன்று மற்றதாக மாறாது. ஆனால் ஒருவருக்கே இரண்டும் வரலாம்.

---

அருமனை_மரச்சீனி (ஜனவரி 13)

லேசரா வேறேயா என்பதைவிட எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது, அதை இங்கே கொட்டிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கு எட்டு வருடம் மாத்திரையே ஓடியது. அவரும் சமாளிக்கிறேன் என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். ஒவ்வொரு ஸ்கேனிலும் போன பிறகு மிச்சம் நிற்கிற மூத்திரம் ஏறிக்கொண்டே வந்தது, 80, 150, 300 என்று. காட்டிய இடத்தில் ஒருவரும் அந்த எண்ணைச் சுட்டிச் சொல்லவில்லை, எங்களுக்கும் படிக்கத் தெரியவில்லை. கடைசியில் கிட்னி வீங்கி, கிட்னி கெடுவதைக் காட்டுகிற கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிய பிறகுதான் ஓடினோம்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, அடைப்பு போய்விட்டது. ஆனால் பைக்குத் தள்ளுகிற பலம் போய்விட்டது. வருடக்கணக்கில் அடைப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளிச் சோர்ந்துபோன பை அது, கூடவே சர்க்கரை நரம்பையும் கெடுத்திருந்தது. இன்றைக்கும் ஒரு நாளைக்கு மூன்று தடவை அவரே சின்னக் குழாய் விட்டு எடுக்கிறார். பழகிவிட்டது, ஆனாலும் பார்க்க மனசு கேட்காது.

உங்கள் அப்பாவுக்கும் சர்க்கரை பத்து வருடம், 900 மில்லி நின்றிருக்கிறது. ஆகவே பையின் பலத்தைப் பார்க்கிற யூரோடைனமிக் டெஸ்ட் தேவையா என்று கேளுங்கள். கழற்றியும் போகவில்லை என்றால் லேசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

---

வடசேரி_அட்டைக்காரன் (ஜனவரி 13)

காசு விஷயம் யாரும் பேசவில்லையே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? வருட வருமானம் 1,20,000-க்குள் என்றால் வாங்கலாம், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் போங்கள். அட்டை இருந்தாலும் எந்த ஆஸ்பத்திரி, எந்த முறை, எவ்வளவுக்குக் கொடுப்பார்கள் என்று அட்மிட் ஆவதற்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் ஒருமுறை காட்டிவிடுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. டி.யூ.ஆர்.பி-க்கு என்று சொல்லி அட்மிட் செய்துவிட்டு, லேசர் போட்டோம் என்று மிச்சத்தைக் கையிலிருந்து கேட்ட ஒரு தனியார் இடம் எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

---

திற்பரப்புக்காரன் (ஏப்ரல் 19)

எல்லோருக்கும் ஒரு தகவல் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

ஆறு வாரம் கழித்து பி.எஸ்.ஏ பார்த்தோம், 3.8-க்கு இறங்கியிருந்தது. அதுவரை டியூப்தான், நடுவில் ஒருதரம் மாற்றினார்கள். மூத்திரத்தில் கிருமி இருந்தது, அதற்கு முதலில் மருந்து கொடுத்துச் சரிசெய்தார்கள். யூரோடைனமிக் டெஸ்ட்டில் பைக்குத் தள்ளும் பலம் இருக்கிறது, குறைந்திருந்தாலும் போதும் என்றார்கள். அருமனை அண்ணன் சொல்லாமல் இருந்தால் இதை நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

டாக்டரிடம் சிஸ்டர் சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். 'இருநூறுக்கு மேலே செய்திருக்கிறேன், முதல் முப்பதைப் பற்றிக் கேட்காதே' என்றார். வாத்தியார் அண்ணாச்சி சொன்ன விஷயத்தை அப்பாவிடம் அவரே சொல்லட்டும் என்று நான் வெளியே போய் நின்றேன். அப்பா வெளியே வந்து ஒன்றும் பேசவில்லை, கீழே சாயா குடிக்கும்போது மட்டும் 'உனக்கு முன்னாடியே தெரியுமோ?' என்று கேட்டார்.

ரப்பர் இலை உதிர்ந்து பால் வெட்டு நிற்கிற நேரம் பார்த்து, பிப்ரவரி கடைசியில் ஹோலெப் செய்தோம். இதய டாக்டர் எழுதிக் கொடுத்தபடி குளோபிடோகிரெலை மட்டும் ஐந்து நாள் நிறுத்தினோம், ஆஸ்பிரின் ஓடியது. 58 கிராம் எடுத்திருக்கிறார்கள், பயாப்சியில் வீக்கம்தான், புற்று இல்லை. மூன்றாம் நாள் டியூபை எடுத்தார்கள். போயிற்று.

பதினாறாம் நாள் ஒரு கூத்து. நான் இல்லாத நேரம் பார்த்து ஒரு ஏத்தன் குலையை வெட்டித் தோளில் தூக்கியிருக்கிறார். சாயங்காலம் மூத்திரம் செக்கச் செவேல் என்று வந்தது, நடுவில் கட்டி கட்டியாக. பயந்து போன் செய்தேன். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, அடைத்தால் உடனே வா என்றார்கள். மறுநாள் மதியத்துக்குள் தெளிந்துவிட்டது. அம்மா அன்றைக்குப் பேசிய பேச்சுக்குப் பிறகு அவர் அரிவாளையே தொடவில்லை.

போன வாரம் பால் வெட்டு ஆரம்பித்தது. முதல் நாளே அப்பா தூங்கிவிட்டார், கூட வெட்டுகிற அண்ணன் வந்து கதவைத் தட்டித்தான் எழுப்ப வேண்டியதாயிற்று. இத்தனை வருடமும் மூன்று மணிக்கு ஒண்ணுக்கு எழுந்ததுதான் அவருக்கு அலாரம், அது இப்போது ஒரு தடவையாகக் குறைந்து பன்னிரண்டு மணியோடு முடிந்துவிடுகிறது. நேற்று என் பழைய போனில் அலாரம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

கசிவு மட்டும் இன்னும் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒரு பேட். குனிந்து சிரட்டையில் பால் எடுக்கும்போதுதான் அதிகம் என்கிறார். மூத்திரத்தை நடுவில் அடக்குவது மாதிரி தசையை இறுக்கிப் பிடிக்கிற பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், செய்கிறார், ஆனால் பத்து எண்ணுவதற்குள் விட்டுவிடுகிறார். ஏழு வாரம் ஆகிறது. சிஸ்டர், இது போதுமா, இல்லை ஒருமுறை போய்க் காட்டட்டுமா?

---

தியேட்டர்_சிஸ்டர் (ஏப்ரல் 20)

முதலில் இருந்ததைவிடக் குறைந்து ஒரு பேட் ஆகியிருந்தால் சரியான வழியில்தான் போகிறார். சர்க்கரை எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், அது ஏறினாலும் அடிக்கடி போகும். பத்து எண்ண முடியாவிட்டால் ஐந்து எண்ணட்டும், ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளையும் தவறாமல் செய்யட்டும். குனிவதற்கு முன்னாடியே இறுக்கிப் பிடித்துவிட்டுக் குனியச் சொல்லுங்கள். மூன்று மாதச் செக்கப்புக்கு எப்படியும் போவீர்கள், அப்போதும் இதே அளவு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்குள் எரிச்சலோ காய்ச்சலோ வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம்.

---

ஓய்வுவாத்தியார்_தக்கலை (ஏப்ரல் 20)

பேட் மொத்தமாக வாங்குவதாக இருந்தால் நாகர்கோவிலில் வாங்குங்கள் தம்பி. உள்ளூர்க் கடை வேண்டாம்.